சீன மூலிகைகளும் செல்லின் அயனிக் கால்வாய்களும்: மரபு மருந்துகளை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரபு மருந்துகளின் வேதிப்பொருள்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தியல், சித்த மருத்துவ, உயிர்வேதியியல் மாணவர்களுக்கு,



ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்மம் செல்லின் ஏதோ ஓர் அயனிக் கால்வாயை அடைக்கிறது அல்லது திறக்கிறது என்ற வாக்கியம் ஆய்வேடுகளின் முடிவுரையில் வெற்றிச் செய்தியாக இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும், அதனால் மட்டும் ஒரு மருந்து கிடைத்துவிடுவதில்லை. மருந்து எது, நஞ்சு எது என்ற பாகுபாடு கால்வாய்க்குத் தெரியாது. எவ்வளவு செறிவில், எந்த உறுப்பில், எவ்வளவு நேரம் ஒரு மூலக்கூறு அதனைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே நோய் தணிவதும் இதயம் நின்றுபோவதும் அமைகின்றன. இதனைச் சீன மரபு மருத்துவத்தின் சில சரக்குகளைக் கொண்டு விளக்குவதே இம்மடலின் நோக்கம். அச்சரக்குகளின் வேதிப்பொருள்கள் பல பதிற்றாண்டுகளாக ஆய்வகங்களில் மின்னோட்டங்களாகவே அளக்கப்பட்டு வந்திருப்பதாலும், அவற்றால் விளைந்த நன்மைகளும் உயிரிழப்புகளும் ஒருங்கே பதிவாகியிருப்பதாலும், மரபு மருந்து ஆய்வில் இறங்கும் எவரும் அவற்றிலிருந்து கற்க வேண்டியது மிகுதி.

செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வு கொழுப்பாலானது. மின்னூட்டம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் அதனூடே தாமாகக் கடக்க இயலாது. ஆகவே சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே வழிவிடும் புரதங்கள் சவ்வில் பதிந்துள்ளன. அவையே அயனிக் கால்வாய்கள். செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 145 மில்லிமோல் இருக்க, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்களவே உள்ளது. பொட்டாசியமோ உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. கால்சியத்தில் வெளிக்கும் உள்ளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைப் பேணுவது, ஆற்றலைச் செலவிட்டு அயனிகளைச் சுமந்து செல்லும் பம்புகள் எனப்படும் வேறு வகைப் புரதங்களின் வேலை. தேரையின் தோல் சுரப்பிலிருந்து செய்யப்படும் சான்சு என்னும் சீனச் சரக்கு தாக்குவது அத்தகைய சோடியம்-பொட்டாசியம் பம்பையே ஆதலால், அதனைக் கால்வாய் மருந்துகளோடு சேர்த்து எண்ணலாகாது. பம்பு ஒரு நொடியில் சில நூறு அயனிகளையே நகர்த்துகிறது. திறந்த கால்வாய் வழியே அதே நேரத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவை பாய்கின்றன. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் இப்பாய்ச்சல்களை அளந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட ஆய்வும், ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தையே நுண்ணிய கண்ணாடிக் குழல்முனையால் பிடித்து அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையை நேயரும் சக்மனும் 1976இல் உருவாக்கியதும் இத்துறையின் இரு தூண்கள்.

இனி, சீன மருத்துவத்தின் மிகப் பழமையானதும் மிக அஞ்சத்தக்கதுமான சரக்கு ஒன்றைக் கருதலாம். அகோனிட்டம் கார்மைக்கேலி என்ற செடியின் பக்கக் கிழங்கு ஃபூசு எனவும், தாய்க்கிழங்கு சுவான்வூ எனவும் வழங்குகின்றன. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் ஷாங்ஹான் லுன் என்னும் நூலில், கைகால் குளிர்ந்து உயிர் தளர்ந்தவர்க்குத் தரப்படும் கஷாயம் ஒன்று ஃபூசு, சுக்கு, அதிமதுரம் ஆகிய மூன்றால் ஆனது. இன்றும் சீனத்தில் இக்கிழங்கு பெருமளவில் பயிரிடப்படுகிறது. சிச்சுவான் மாநிலத்தின் ஜியாங்யூ பகுதி அதற்குப் பெயர்பெற்றது. கிழங்கிலுள்ள முதன்மை நஞ்சு அகோனிட்டின்; தாவரங்களில் காணப்படும் நைட்ரசன் கொண்ட காரச் சேர்மங்களாகிய ஆல்கலாய்டுகளுள் ஒன்று அது.

சோடியம் கால்வாயின் இயல்பான ஒழுங்கு என்னவெனில், சவ்வின் மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அது திறக்கிறது. ஓரிரு மில்லிநொடிக்குள் தானாகவே முடங்குகிறது. செல் ஓய்வுநிலைக்குத் திரும்பிய பின்னரே மீண்டும் திறக்கும் தகுதியைப் பெறுகிறது. நரம்பின் செய்தியும் இதயத்தின் துடிப்பும் இம்மூன்று நிலைகளின் சீரான வரிசையால் நடப்பவை. நச்சியலார் இரண்டாம் பிணைப்பிடம் என்று எண்ணிட்டு வழங்கும் இடத்தில், அதாவது தென் அமெரிக்க நச்சுத் தவளையின் பட்ரகோடாக்சின் சென்று ஒட்டும் அதே இடத்தில், அகோனிட்டின் ஒட்டிக்கொண்டு இரு கேடுகளை ஒருசேரச் செய்கிறது: ஓய்வுநிலைக்கு நெருங்கிய மின்னழுத்தத்திலேயே கால்வாயைத் திறக்க வைக்கிறது, திறந்த கால்வாய் முடங்குவதைத் தடுக்கிறது. சோடியம் இடைவிடாது உட்புகுவதால் முதலில் உதடும் நாவும் கூசி, பின் மரத்து, தசைகள் தளர்கின்றன. இதயத்தின் கீழறைகள் கட்டுப்பாடின்றித் துடிக்கத் தொடங்குகின்றன. ஆய்வு விலங்குகளில் இதயத் துடிப்புக் கோளாற்றை வேண்டுமென்றே உண்டாக்குவதற்கு மருந்தியலார் நெடுங்காலமாக அகோனிட்டினையே பயன்படுத்தி வந்தனர் என்பது அதன் ஆற்றலுக்குச் சான்று. தூய அகோனிட்டின் ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது. அதற்குத் தனி மாற்று மருந்து எதுவும் இல்லை.

இத்தகைய கிழங்கு எப்படி மருந்தாயிற்று என்ற கேள்விக்கான விடை அடுப்பங்கரையில் உள்ளது. அகோனிட்டின் மூலக்கூறில் அமிலமும் ஆல்ககாலும் இணைந்து உருவாகும் எஸ்டர் பிணைப்புகள் இரண்டு உள்ளன. நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது முதலில் அசிட்டைல் தொகுதி கழன்று பென்சாயில்அகோனின் உண்டாகிறது. மேலும் கொதிக்கையில் பென்சாயில் தொகுதியும் கழன்று அகோனின் எஞ்சுகிறது. முதல் மாற்றத்தில் நச்சுத்தன்மை நூறு மடங்குக்கு மேலும், இரண்டாவதில் ஆயிரம் மடங்குக்கு மேலும் குறைந்துவிடுகிறது. கிழங்கை உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, ஆவியில் அவித்துப் பதப்படுத்த வேண்டும் என்றும், கஷாயத்தில் மற்றச் சரக்குகளுக்கு முன்னதாகவே அதனை இட்டு நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்றும் சீன மருத்துவர்கள் வகுத்த விதிகள், எஸ்டர் என்ற கருத்தே தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அவ்வேதிவினையைத் துல்லியமாகக் கையாண்டன. அந்த அறிவுக்கு மனமார்ந்த மதிப்பு உரியது. ஆனால் விதியைச் சற்றே மீறினாலும் விளைவு கொடியது. பதப்படுத்தாத கிழங்கை மதுவில் ஊறவைத்து அருந்துவோர் சீனத்தில் இன்றும் இறக்கின்றனர். ஏனெனில் மது ஆல்கலாய்டை நன்கு கரைத்தெடுக்கிறதேயன்றி, கொதிநீரைப்போல் அதனைச் சிதைப்பதில்லை. ஹாங்காங்கின் மருத்துவமனைகளும் 1980களின் இறுதியிலிருந்தே இத்தகைய நச்சேற்றங்களைத் தொடர்ந்து பதிவு செய்துள்ளன.

இவ்விடத்தில் சித்த மருத்துவ மாணவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டியது ஒன்று உண்டு. இந்திய மரபு மருத்துவங்களில் வழங்கும் வச்சநாபி, இமயப் பகுதியில் வளரும் அகோனிட்டம் ஃபெராக்ஸ் என்ற உறவுச் செடியின் கிழங்கு. கோமியத்தில் ஊறவைத்தும் பாலில் வேகவைத்தும் அதனைச் சுத்தி செய்யும் முறைகளின் நோக்கமும் இதே நச்சுக்குறைப்புதான். ஆயினும் வச்சநாபியின் முதன்மை ஆல்கலாய்டு அகோனிட்டின் அன்று, சூடஅகோனிட்டின். அதில் பென்சாயில் தொகுதியின் இடத்தில் வெராட்ராயில் தொகுதி உள்ளது. எனவே சீனக் கிழங்குக்கு அளக்கப்பட்ட கொதிநேரத்தையும் பாதுகாப்பு அளவையும் வச்சநாபிக்கு அப்படியே எடுத்தாள்வது அறிவியலாகாது. ஒவ்வொரு சுத்தி முறைக்கும் முன்னும் பின்னும் ஆல்கலாய்டுகளை அளந்து, அந்தச் சாறு சோடியம் கால்வாயில் என்ன செய்கிறது என்பதையும் அளப்பது தமிழ்நாட்டின் ஆய்வகங்களில் செய்யக்கூடிய, செய்தே தீர வேண்டிய பணி.

அகோனிட்டம் பேரினத்தின் இன்னொரு சிற்றினமாகிய அகோனிட்டம் சைனோமொன்டானத்திலிருந்து கிடைக்கும் லப்பகோனிட்டின், அகோனிட்டினோடு நெருங்கிய உறவுடைய கட்டமைப்பைக் கொண்டிருந்தும், சோடியம் கால்வாயைத் திறந்து வைப்பதற்கு மாறாக அடைத்துவிடுகிறது. சீனத்தில் அது வலிநீக்கியாகவும், ரஷ்யாவில் அல்லாபினின் என்ற பெயரில் இதயத் துடிப்புக் கோளாற்றுக்கு மருந்தாகவும் பயன்படுகிறது. ஒரே குடும்பச் செடிகளில் ஒன்று உண்டாக்கும் நோயை மற்றொன்று தணிக்கிறது என்பதால், செடியின் குடும்பத்தைக் கொண்டு மருந்தின் செயலை ஊகிப்பது எவ்வளவு நம்பத்தகாதது என்பது தெளிவாகும்.

கால்சியம் கால்வாய்க்கு வரும்போது டெட்ராண்ட்ரின் முதன்மையான சான்று. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேரிலிருந்து கிடைக்கும் இந்த ஆல்கலாய்டு, இரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழையும் எல் வகைக் கால்வாயை அடைக்கிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் டில்டியசெம் என்னும் மருந்து பிணையும் இடத்திலேயே அதுவும் பிணைகிறது என்பது 1980களிலேயே காட்டப்பட்டது. கல்தூசு படிந்து நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய்க்குச் சீனத்தில் அது ஏற்கப்பட்ட மருந்து. செல்லுக்குள் விழுங்கப்பட்ட பொருள்கள் தங்கும் சிற்றறைகளின் சவ்வில் இரட்டைத்துளைக் கால்வாய்கள் என்பவை உள்ளன; எபோலா வைரஸ் செல்லுக்குள் நுழைய அவை தேவைப்படுகின்றன என்றும், டெட்ராண்ட்ரின் அவற்றைத் தடுத்து எலிகளை அந்நோயிலிருந்து காத்தது என்றும் 2015இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அது எலிகளில் கிடைத்த முடிவு. மனிதருக்கான எபோலா மருந்தாக டெட்ராண்ட்ரின் ஏற்கப்படவில்லை.

இந்த வேரின் வரலாற்றில் ஒரு பெருந்துயரும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கத் தரப்பட்ட குளிகைகளில் ஸ்டெஃபானியா வேர் சேர்க்கப்பட்டிருந்ததாகக் கருதப்பட்டது. வணிகத்தில் அவ்வேரும் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்ற செடியின் வேரும் ஃபாங்ஜி என்ற ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டிருந்தமையால், குளிகைக்குள் சென்றது பின்னதாகிவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பது, புற்றுநோயையும் உண்டாக்குவது. நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாயினர். அவர்களுட் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்று தோன்றியது. 1993இல் லான்செட் இதழில் முதல் அறிக்கை வெளிவந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே சீனம் இவ்வினச் சரக்குகளைத் தடை செய்யத் தொடங்கியது. எந்தக் கால்வாய் அளவீட்டாலும் இத்துயரைத் தடுத்திருக்க முடியாது. வேரின் தாவரவியல் அடையாளத்தைச் சரிபார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். தமிழ் மருத்துவத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்தவையே என்பதால், பிரசெல்ஸ் நகரத்துச் செய்தி தொலைதூரத்துச் செய்தி அன்று.

அடுத்து, மாணவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் பொட்டாசியம் கால்வாய். இதயக் கீழறையின் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் செல்லை ஓய்வுக்குக் கொண்டுவரும் கால்வாய்களுள் முதன்மையானது ஹெர்க் எனப்படுவது. அதன் உள்ளறை அகன்றது. அதன் சுவரில் உள்ள டைரோசின், ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலங்களின் வளையங்கள் எண்ணற்ற மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. ஹெர்க் அடைபட்டால் ஈ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி எனப்படும் மீட்சி நேரம் நீள்கிறது. அளவு மீறினால் உயிர்பறிக்கும் துடிப்புக் கோளாறு உண்டாகிறது. ஒவ்வாமைக்கு உலகெங்கும் விற்ற டெர்ஃபெனடின் இக்காரணத்தாலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து 1998இல் நீக்கப்பட்டது. அதன்பின் புதிய மருந்துகள் பெரும்பாலும் ஹெர்க் சோதனைக்கு உட்பட்ட பின்னரே மனிதரிடம் வருகின்றன. மூலிகைச் சாறுகளுக்கோ அத்தகைய கட்டாயம் பொதுவாக இல்லை.

ஹுவாங்லியென் என்ற கசப்பு வேரின் மஞ்சள் நிற ஆல்கலாய்டாகிய பெர்பெரின் ஹெர்க் கால்வாயை அடைக்கிறது; நம் நாட்டு மரமஞ்சளிலும் அதே பெர்பெரின் உள்ளது. வாய்வழி உட்கொள்ளும் பெர்பெரினில் 1 சதவீதத்துக்கும் குறைவான பங்கே இரத்தத்தைச் சேர்வதால், வயிற்றுப்போக்குக்கு அதனை உட்கொள்ளும் நலமான ஒருவருக்கு ஆபத்து சிறிது. குடலிலிருந்து அது உடலுக்குள் நுழைவதை மிகுவிக்கும் வேறு மருந்தும், இரத்தத்தில் பொட்டாசியக் குறைவும் சேர்ந்துகொண்டால் அந்தக் கணக்கு மாறும். கஷாயங்களில் மிகப் பரவலாகச் சேரும் அதிமதுரம், அதன் கிளிசிரைசின் வழியாகச் சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றவல்லது. அது ஹெர்க் கால்வாயைத் தொடாமலேயே அதன் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கூட்டு மருந்து ஒன்றை ஆராய்வோர் கால்வாயைத் தொடும் சரக்குகளை மட்டும் எண்ணினால் போதாது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

ஆர்சனிக் டிரைஆக்சைடு இன்னும் நுட்பமான பாடம். பிஷுவாங் என்ற பெயரில் சீன மருத்துவத்தில் வழங்கிய இந்த வெள்ளைப் பாஷாணத்தைக் கொண்டு 1970களில் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டோங் முதலானோர் தொடங்கிய பணி, அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா என்னும் கொடிய இரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தாக வளர்ந்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஒப்புதலையும் பெற்றது. மரபு மருத்துவம் உலகுக்கு அளித்த மெய்யான கொடைகளுள் அது ஒன்று. அம்மருந்து க்யூ-டி இடைவெளியை நீட்டுகிறது. ஆனால் செல்லின் மீது அதனைத் தெளித்துச் சில நிமிடங்கள் அளந்தால் ஹெர்க் மின்னோட்டத்தில் சொல்லத்தக்க மாற்றம் தெரிவதில்லை. புதிதாக உருவாகும் ஹெர்க் புரதம் செல்லின் மேற்பரப்பை அடைவதையே அது தடுக்கிறது என்பதால், பாதிப்பு மணிக்கணக்கில்தான் வெளிப்படுகிறது. குறுகிய நேர அளவீட்டை மட்டும் செய்துவிட்டுப் பாதுகாப்பானது என்று எழுதுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று மருத்துவமனைகளில் அம்மருந்தைத் தருவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தத்தின் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சீர்செய்துகொள்கின்றனர். நஞ்சை மருந்தாக வைத்திருப்பது அந்த விழிப்பே.

நாவிலும் தோலிலும் உணரப்படும் சரக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே போதும். புதினாவின் மென்தால் குளிரை உணரும் டி.ஆர்.பி.எம்.8 கால்வாயைத் திறக்கிறது. சிச்சுவான் மிளகின் சான்ஷூல் சில பொட்டாசியம் கால்வாய்களை அடைத்து நரம்பைத் துடிக்க வைப்பதால் நா அதிர்வதுபோல் தோன்றுகிறது. இவற்றைக் கொண்டு மரபு நூல்களின் சூடு, குளிர்ச்சி என்னும் பகுப்பு முழுவதும் அறிவியலால் நிறுவப்பட்டுவிட்டது என்று எழுதுவது அளவு கடந்த கூற்று. அப்பகுப்பில் அடங்கிய சரக்குகளில் பெரும்பாலானவை வெப்பம் உணரும் கால்வாய்களில் சோதிக்கப்படவே இல்லை.

ஆய்வு முறையைப் பற்றியே இம்மடலின் பெருங்கவலை. கணினியில் மூலக்கூறையும் கால்வாயின் அமைப்பையும் பொருத்திப் பார்த்துக் கிடைக்கும் மதிப்பெண்ணைச் சான்றாகக் கொள்வது பரவலாகிவிட்டது. அது எதைச் சோதிக்கலாம் என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. மின்னோட்டத்தை அளக்காமல் கால்வாயை அடைக்கிறது என்று எழுதும் உரிமையை அது எவருக்கும் தருவதில்லை. அளந்த பின்னரும் ஐயம் தீர்வதில்லை. மஞ்சளின் கர்க்குமின், மிளகாயின் கேப்சைசின், சோயாவின் ஜெனிஸ்டீன், திராட்சையின் ரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி. ஆகியவை எந்தப் புரதத்தோடும் தனித்துப் பிணையாமலேயே, சவ்வின் கொழுப்புக்குள் புகுந்து அதன் விறைப்பை மாற்றுவதன் வழியாகத் தொடர்பற்ற பல புரதங்களின் செயலையும் மாற்றுகின்றன என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே சேர்மம் பத்து வகைக் கால்வாய்களிலும் ஒரே செறிவில் செயல்படுவதாகக் கண்டால் மகிழ்வதற்கு முன் சவ்வை ஐயுற வேண்டும்.

கூட்டு மருந்துகளை ஆராயவே முடியாது என்பாரும் உளர், அதுவும் உண்மையன்று. ஐந்து சரக்குகளைக் கொண்ட வென்ஷின் கெலி என்ற சீன மருந்தை, அவற்றுள் நம் சடாமாஞ்சிலின் இனமும் ஒன்று, அமெரிக்காவின் யுடிகா நகர ஆய்வகம் ஒன்று நாயின் இதயத்தில் அளந்து, அது கீழறையைவிட மேலறையின் சோடியம் கால்வாய்களையே மிகுதியாகத் தடுக்கிறது என்று 2012இல் வெளியிட்டது. மேலறைத் துடிப்புக் கோளாற்றுக்கு அத்தகைய பாகுபாடு பெரிதும் விரும்பத்தக்கது. ஐந்து சரக்குகளில் உள்ள எந்தச் சேர்மத்தின் வேலை அது என்ற அடுத்த கேள்விக்கும் அதே பொறுமை தேவை.

ஆகவே மாணவர்களிடம் இம்மடல் வேண்டுவது இவ்வளவே. ஆய்வேட்டின் முதற் பக்கத்திலேயே செடியின் இருசொற் பெயரையும், உலர்மாதிரி சேமிக்கப்பட்ட இடத்தையும் எழுதுங்கள். சரக்கைச் சுத்தி செய்த முறையையும், அதற்கு முன்னும் பின்னும் அளந்த ஆல்கலாய்டின் அளவையும் எழுதுங்கள். கால்வாயில் விளைவு கண்ட செறிவின் பக்கத்தில், அம்மருந்தை உட்கொண்டவரின் இரத்தத்தில் கிடைக்கக்கூடிய செறிவை எழுதுங்கள்; இரண்டுக்கும் நூறு மடங்கு வேறுபாடு இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஆராயும் நோய் எதுவாயினும், ஹெர்க் கால்வாயில் குறுகிய நேரத்திலும் ஓர் இரவு கழித்தும் அளந்து, கிடைத்த முடிவு சாதகமோ பாதகமோ, அதனை வெளியிடுங்கள்.